கேட்டான்: எகிப்திய வினையும் தமிழ் வினையும்



பண்டை எகிப்திய மொழி தமிழிலிருந்தே பிறந்தது என்னும் செய்தி நம்மிடையே அவ்வப்போது வலம்வருகிறது. முன்பு மின்னஞ்சலில் வந்தது. இப்போது கைப்பேசியில் வருகிறது. ஒலியால் ஒத்த பத்துப் பதினைந்து சொற்களை இருபுறமும் அடுக்கி வைத்து, "பார்த்தீர்களா?" என்று அது கேட்கும். எழுதியவரின் தமிழ்ப்பற்றை நான் ஐயுறவில்லை. ஆயினும் அப்பட்டியல் அப்படியே ஆறாம் ஆண்டு மாணவரின் பேச்சுப்போட்டி உரைக்குள் நுழைந்துவிடுகிறது. மேடையில் நிற்கும் பன்னிரண்டு அகவைப் பிள்ளையிடம் நடுவர் "சான்று என்ன?" என்று வினவினால், விழிப்பது அப்பிள்ளைதான், செய்தியை அனுப்பிய பெரியவர் அல்லர். ஆகவே இவ்விடுகையில் அக்கூற்றைச் சற்று ஆழமாக ஆராய்வோம்.

ஆராயும் இடம் வினைச்சொல்லாக இருக்க வேண்டும். பெயர்ச்சொற்கள் கப்பலேறிப் போகும். நம் பினாங்கிலேயே பாருங்கள். கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. எனினும் 'வந்தான்' என்பதிலுள்ள 'ஆன்' விகுதியை மலாய்க்காரர் எவரும் கடன் வாங்கவில்லை. நாமும் அவ்வாறே. 'பாசார் மாலாமுக்குப் போனான்' என்று ஜார்ஜ்டவுன் தமிழர் பேசும்போது இரவுச் சந்தையின் பெயர் மலாய். 'உக்கு' என்னும் வேற்றுமை உருபும் 'போனான்' என்னும் வினையும் கலப்பற்ற தமிழ். 1816இல் எல்லிசு என்னும் ஆங்கிலேய அதிகாரி தெலுங்கும் தமிழும் ஓரினம் என்று காட்டியபோது வினை வேர்களைத்தான் வரிசைப்படுத்தினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் வினைத்திரிபுகளை விரிவாக எடுத்துப் பேசினார். அதே உரைகல்லில் எகிப்திய மொழியையும் உரசிப் பார்ப்போம்.

முதலில் அம்மொழியின் வினை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். எகிப்தின் பட எழுத்தில் நாம் அறிந்த கடைசிக் கல்வெட்டு கி.பி. 394இல் பிலே தீவுக் கோயிலில் வெட்டப்பட்டது. அதன்பின் அதைப் படிப்பார் இல்லாமற் போயினர். 1799இல் ரசீது நகரருகே பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்த கல்லில், கி.மு. 196ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று பட எழுத்திலும் மக்கள் வழக்கு எழுத்திலும் கிரேக்கத்திலுமாக இருந்தது. இதுவே ரொசெட்டாக் கல். 1822இல் சாம்பொலியன் அதன் பூட்டைத் திறந்தார்.

அவருக்குத் துணைநின்றது கல் மட்டுமன்று; கொப்திய மொழியும்தான். எகிப்தியக் கிறித்தவர்கள் தம் வழிபாட்டில் இன்றும் ஓதிவரும் அம்மொழி, பண்டை எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு தமக்கே உரிய சில எழுத்துகளையும் சேர்த்து அவர்கள் அதை எழுதினர். சாம்பொலியன் இளமையிலேயே அதைக் கற்றுத் தேர்ந்திருந்தார். படங்களின் ஒலியை அறிந்ததும், அவ்வொலிகளுக்குப் பின்னால் தமக்குத் தெரிந்த மொழியே இருப்பதைக் கண்டார். 41ஆம் அகவையில், 1832இல், அவர் மறைந்தார். அவர் எழுதிய எகிப்திய இலக்கண நூல் 1836 முதலே அச்சாகி வெளிவரத் தொடங்கியது. பின்னர் செருமானிய அறிஞர் எர்மன் 1894இல் இலக்கணம் வகுத்தார். அவர் மாணவர் சேத்தெ எகிப்திய வினைச்சொல்லுக்கென்றே தனிப் பெருநூலை 1899இல் வெளியிடத் தொடங்கினார். ஆங்கிலேயரான கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கணம் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது.

இனி அம்மொழியின் வினைக்குள் நுழைவோம்.

பட எழுத்தில் வினையை எழுதும் முறையே சுவையானது. வீட்டின் தரைப்படம் போன்ற ஒரு குறி உண்டு. அதற்கு ப்-ர் என்னும் இரு மெய்களின் ஒலி. அதன்கீழ் ஒரு கோடிட்டால் 'வீடு' என்னும் பெயர். அதே குறியோடு நடக்கும் இரு கால்களை வரைந்தால் 'வெளியேறு' என்னும் வினை. கால்களுக்கு ஒலி கிடையாது. "இது நடையைச் சார்ந்த சொல்" என்று கண்ணுக்குச் சொல்வது மட்டுமே அவற்றின் வேலை. இவ்வாறே வாயில் கைவைத்த மனிதன் உண்ணல், பேசல், நினைத்தல், விரும்பல் ஆகிய வினைகளின் இறுதியில் அமர்வான். கோலேந்திய கை, வலிமை வேண்டும் வினைகளின் இறுதியில் வரும். சொல்லின் பொருள் வகையைச் சொல்லுக்குள்ளேயே காட்டும் இம்முறையைக் கண்டபோது, சொல்வதெழுதுதல் திருத்தும் ஆசிரியனாகிய எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று.

இப்போது 'கேள்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். எகிப்திய இலக்கண நூல்கள் வாய்பாடாகக் கொள்வதும் இவ்வினையையே. அதன் வேர் ச்-ஜ்-ம் என்னும் மூன்று மெய்கள். பசுவின் காதை வரைந்து, 'ம்' ஒலிக்கு ஓர் ஆந்தையை வரைந்தால் 'கேள்' ஆயிற்று. அதன்பின் கொம்புடைய நச்சுப்பாம்பு ஒன்றை வரைந்தால் 'அவன் கேட்கிறான்'. பாம்பின் ஒலி 'ஃப்'. அதன் பொருள் 'அவன்'. பாம்புக்கு மாற்றாக மடித்த துணியை வரைந்தால் 'ச்', அதாவது 'அவள்'. கைப்பிடியுள்ள கூடை 'க்'. அது ஆணை நோக்கிய 'நீ'. கயிறு வரைந்தால் பெண்ணை நோக்கிய 'நீ'. தமிழில் முன்னிலைக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை, அவர்களுக்கு உண்டு. நீர் அலையின் குறி 'ன்'. அது இறுதியில் நின்றால் 'நாம்'.

வினை முற்றுப்பெற்றது என்று சொல்ல வேண்டின், வேருக்கும் பாம்புக்கும் இடையே அதே நீரலையை வரைவார்கள். ச்ஜ்ம்-ன்-ஃப்: 'அவன் கேட்டான்'.

இவ்விடத்தில் தமிழாசிரியர் எவருக்கும் நெஞ்சு துள்ளும். நன்னூல் வழியில் 'கேட்டான்' என்பதைப் பகுத்தால் கேள் பகுதி. ட் இறந்தகால இடைநிலை. ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. பகுதியின் ளகரம் டகரமானது விகாரம். எகிப்தியத்திலும் பகுதி, இடைநிலை, விகுதி என்னும் அதே வரிசைதான் தெரிகிறது! சொற்பட்டியல் எழுதுவோர் இந்த ஒற்றுமையைக் கண்டிருந்தால் மாநாடே கூட்டியிருப்பார்கள்.

ஆனால் இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'மாந்தன் கேட்டான்' என்று தமிழில் சொல்கிறோம். எழுவாய் வெளிப்படையாக வந்த பிறகும் 'ஆன்' போகவில்லை, போகவும் கூடாது. எகிப்திய மொழியில் 'மாந்தன்' என்பதற்கு 'ரெமெச்' என்று ஒரு சொல். அது வந்தவுடன் பாம்பு மறைந்துவிடும். 'ச்ஜ்ம்-ன் ரெமெச்' என்றே எழுதுவார்கள். இரண்டும் ஒருங்கே நிற்பதில்லை. ஏனெனில் அந்தப் பாம்பு நம் 'ஆன்' போல எழுவாயின் திணை பால் எண் இடங்களைக் காட்டும் விகுதி அன்று. அதுவே எழுவாய், வினையோடு ஒட்டிக்கொண்ட 'அவன்' என்னும் பெயர். அதே பாம்பு 'வீடு' என்னும் சொல்லின் பின் வந்தால் 'அவன் வீடு' என்று பொருள். தமிழில் 'வீடு' என்பதோடு 'ஆன்' சேர்த்து அவன் வீடு என்று சொல்ல முடியுமா? முடியாது.

சொல் வரிசையையும் கவனியுங்கள். 'கேட்டான்' என்னும் பொருளுடைய சொல் முன்னே நிற்கிறது. 'மாந்தன்' பின்னே வருகிறான். பண்டை எகிப்தியத்தின் வினைத்தொடரில் வினை முதலில், எழுவாய் அடுத்து, செயப்படுபொருள் அதன்பின். தமிழின் இயல்பான நடை இதற்கு நேர்மாறு. பயனிலை இறுதியில் வருவது.

இடையில் வந்த நீரலையும் நம் காலம் காட்டும் இடைநிலை போன்றது அன்று. 'உக்கு' என்று பொருள்படும் 'ன்' என்னும் உருபிலிருந்தே அது தோன்றியது என்பது நெடுநாளாக வழங்கிவரும் விளக்கம். 'அவனுக்குக் கேட்கப்பட்டது' என்பதே காலப்போக்கில் 'அவன் கேட்டான்' என்றாயிற்றாம். மேலும் பண்டை எகிப்திய வினை முதன்மையாகக் காட்டியது காலத்தை அன்று. செயல் முற்றியதா முற்றவில்லையா என்பதைத்தான். நேற்று இன்று நாளை என்னும் பாகுபாடு பெரும்பாலும் தொடரின் சூழலால் விளங்கும். முக்காலத்தையும் வினைக்குள்ளேயே பொதிந்து வைக்கும் தமிழுக்கு இது முற்றிலும் அயலான முறை.

பிறவினை அமைப்பும் வேறு. திருந்து – திருத்து, செய் – செய்வி என நாம் சொல்லின் உள்ளோ பின்னோ மாற்றுகிறோம். அவர்கள் முன்னால் 'ச்' சேர்த்தார்கள். 'அன்க்' என்றால் வாழ். 'சன்க்' என்றால் வாழ்வி. 'நெஃபர்' என்றால் நன்றாக இரு. 'ச்நெஃபர்' என்றால் நன்றாக்கு. தாசூரில் பிரமிடுகள் எழுப்பிய சினெஃப்ரு மன்னனின் பெயரில் இருப்பது இந்தப் பிறவினையே. பிள்ளைகளுக்குப் படக்கதைகளால் அறிமுகமான பெயர்களிலும் வினை ஒளிந்திருக்கிறது. துத்தன்காமுன் என்பதன் நடுவே உள்ளது 'வாழ்' என்னும் 'அன்க்'. அமுன் கடவுளின் வாழும் திருவுரு என்பது அப்பெயரின் பொருள். அமென்கோதெப் என்றால் 'அமுன் மனநிறைவு கொண்டான்'. ரமேசீசு என்றால் 'இரா என்னும் கதிரவனே அவனை ஈன்றவன்'. முன்னொட்டுச் சேர்த்து வினையைத் திரிக்கும் பழக்கம் நம் மாணவர்க்கு மலாய்ப் பாடத்தில் 'மெ', 'பெர்', 'டி' என்று நன்கு தெரியும். தமிழ் வினைக்கு அத்தகைய முன்னொட்டு கிடையாது.

அப்படியாயின் எகிப்திய வினையின் உறவினர் யாவர்? விடை நம் காதருகிலேயே இருக்கிறது. 'கித்தாப்' என்றால் நூல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முன்னர் 'மக்தாப் பெர்குருவான்' என்று அழைத்தோம். இரண்டும் மலாய்க்கு அரபு தந்த சொற்கள். இரண்டிலும் மாறாமல் நிற்பவை க்-த்-ப் என்னும் மூன்று மெய்கள். எழுதுதல் என்பது அவற்றின் பொதுப் பொருள். உயிர்கள் மாற மாறச் சொல்லின் வடிவமும் வேலையும் மாறும். எகிப்தியத்தின் ச்-ஜ்-ம் இந்த இனத்தைச் சேர்ந்தது. இன்னும் நெருங்கிய சான்று வேண்டுமா? பினாங்கில் நாள்தோறும் நாம் கேட்கும் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்னும் வாழ்த்தில் 'கும்' என்பது 'உங்கள்'. ஓர் ஆணை நோக்கிய ஒருமையில் அது 'க'. எகிப்தியரின் கைப்பிடிக் கூடையும் அதே ககரம், அதே பொருள். பழைய மெசொபொத்தாமியாவின் அக்காதிய மொழியில் 'இந்நிலையில் இருக்கிறேன்' என்று தன்மையில் சொல்லும் விகுதி 'ஆக்கு'. எகிப்தியத்தில் அதற்கு ஈடானது 'கு'. பிறவினை காட்டும் சகர முன்னொட்டு வட ஆப்பிரிக்கப் பெர்பெர் மொழிகளிலும் வாழ்கிறது. ஆகவேதான் அறிஞர்கள் இவற்றை ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பம் என்று ஒன்றாக வகுத்தனர். இங்கே ஒத்திருப்பவை தனிச்சொற்கள் அல்ல. வினையின் எலும்புக்கூடே ஒத்திருக்கிறது.

ஒலியொப்புமைப் பட்டியல்களுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. எகிப்தியர் பட எழுத்தில் உயிரொலிகளை எழுதவில்லை. 'நெஃபர்', 'செஜெம்' என்று நாம் படிப்பது, நாக்குக்கு வசதியாக அறிஞர்கள் இடையிடையே எகரத்தை இட்டு ஓதும் வழக்கம். பார்வோன் காலத்தில் எவரும் அப்படி ஒலித்தனர் என்று அதற்குப் பொருளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்திய வகுப்பறை உச்சரிப்போடு தமிழ்ச்சொல்லை ஒப்பிட்டு என்ன பயன்?

காலம் செல்லச் செல்ல எகிப்திய வினை தலைகீழாகவும் மாறிற்று. கொப்திய மொழியில் 'கேள்' என்பது 'சோதெம்'. ச்-ஜ்-ம் என்பதன் வழிவந்த சொல்தான். ஆனால் 'அவன் கேட்கிறான்' என்பது 'ஃப்சோதெம்'. 'கேட்டான்' என்பது 'அஃப்சோதெம்'. வாலில் கிடந்த பாம்பு தலைப்பக்கம் வந்துவிட்டது! கொப்தியர் அந்த ஒலிக்குப் பயன்படுத்தும் எழுத்தே பழைய கொம்புப்பாம்புக் குறி தேய்ந்து வந்த வடிவம் என்பது கூடுதல் இனிப்பு. தமிழோ, சங்க காலந்தொட்டு இன்றுவரை விகுதியை வினையின் இறுதியிலேயே வைத்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கொப்தியத்தில் 'இரண்டாம் காலங்கள்' என்று ஒருவகை வினைவடிவங்கள் நெடுநாள் புதிராக இருந்தன. பொலொத்ஸ்கி என்னும் அறிஞர் 1944இல் அதை அவிழ்த்தார். தொடரின் அழுத்தம் வினைமீது விழாமல் இடம், காலம் போன்ற வேறொரு சொல்மீது விழும்போது அவ்வடிவம் வருகிறது என்றார். பிறகு பண்டை எகிப்தியத்திலும் அதற்கு முன்னோடி உண்டு என்று காட்டினார். ஐரோப்பிய மாணவர்க்கு இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். தமிழ் மாணவருக்கு ஒரு நொடி போதும். 'நேற்று வந்தான்' என்பது ஒன்று. 'அவன் வந்தது நேற்று' என்பது மற்றொன்று. உறவு இல்லாத மொழியைக் கற்பதற்கும் தமிழறிவு துணைசெய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மொழியுறவு இல்லை என்றவுடன் சிலர் முகம் வாடக்கூடும். வாட வேண்டா. தமிழருக்கும் எகிப்துக்கும் இருந்த உண்மையான தொடர்பு பானை ஓடுகளில் எழுதப்பட்டிருக்கிறது.

செங்கடற் கரையில் குசேர் அல் கதீம் என்னும் பழைய துறைமுகத்தில் 1978 முதல் 1982 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். அங்கே தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் இரு பெயர்கள் ஓடுகளில் கிடைத்தன. பின்னர் அதே இடத்தில் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி' என்று இருந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதை உறியில் தொங்கும் பானை என்று விளக்கினார். மேலும் தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் 1995இல் 'கொறபூமான்' என்று எழுதிய சாடித்துண்டு வெளிப்பட்டது. அதே பெரெனிகேயின் கோயில் ஒன்றில், இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ அளவில் கருமிளகு இருந்தது. கணனும் சாதனும் கொற்றனும் வணிகர்கள், பொதிகளோடு வந்தவர்கள்.

நம் பக்கமும் அவர்களுடைய தடம் உண்டு. பினாங்கிற்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்னும் ஊரில் தமிழ் பிராமி பொறித்த சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. 'பெரும்பதன் கல்' என்பது அதன் வாசகம். பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனின் கல். மேற்கே செங்கடலும் கிழக்கே நம் தீபகற்பமும் ஒரே எழுத்தைக் கண்டிருக்கின்றன.

ஆனால் நான் மேலே சொன்ன வாசகங்கள் எல்லாம் பெயர்கள். கணன், சாதன், பானை, உறி, கல். அவற்றில் வினை இல்லை. பொருளுக்கு உரியவன் யார், பொருள் யாது என்று குறிப்பதற்கு வினை தேவைப்படவில்லை.

வினை வேறோர் இடத்தில் கிடைத்தது. நைல் ஆற்றின் மேற்குக்கரையில், பழைய தேபெசு நகருக்கு எதிரே, அரசர்களின் பள்ளத்தாக்கு இருக்கிறது. ரமேசீசுகளும் துத்தன்காமுனும் அடக்கம் செய்யப்பட்ட இடம். உரோமர் ஆட்சிக்காலத்திலேயே அது சுற்றுலாத் தலமாகிவிட்டது. கிரேக்கப் பயணிகள் கல்லறைச் சுவர்களில் தம் பெயரைக் கீறி, "கண்டேன், வியந்தேன்" என்று எழுதிப் போயினர். பிரெஞ்சு அறிஞர் பய்யே 1926க்குள் அவற்றில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றினிடையே இந்திய எழுத்துகளும் இருப்பதைப் பாரிசைச் சேர்ந்த சார்லத் இசுமித் அம்மையாரும் லொசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ இசுத்திரௌக்கும் அண்மையில் ஆய்ந்து, 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில் அறிவித்தனர். ஆறு கல்லறைகளில் ஏறத்தாழ முப்பது கீறல்கள், தமிழ் பிராமியிலும், பிராகிருதம், சமற்கிருதம் ஆகிய மொழிகளிலும் அமைந்தவை, காலம் கி.பி. முதல் நூற்றாண்டு முதல் மூன்றாம் நூற்றாண்டு வரை.

அவற்றுள் சிகை கொற்றன் என்னும் தமிழர் ஒருவரின் பெயர் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை வருகிறது. ஒருமுறை எழுதி அவருக்கு மனம் நிறையவில்லை போலும். இன்று நம் பிள்ளைகள் பினாங்குமலைப் பாறையில் இப்படிச் செய்தால் தண்டனை உறுதி! ஆனால் கொற்றன் பெயரோடு நிறுத்தவில்லை. வந்து கண்டதாகவும் எழுதியிருக்கிறார். வருதல், காணுதல் என்னும் இரு தமிழ் வினைகள் அங்கே சுவரில் நிற்கின்றன. கிரேக்கர் வழக்கத்தைப் பார்த்து அவர் அதைப் பின்பற்றியிருக்க வேண்டும். சொல்லும் எழுத்தும் தம்முடையவை.

அவர் அங்கு நின்ற நாளில் பட எழுத்து இன்னும் சாகவில்லை. பிலேயின் கடைசிக் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டாவது மீதமிருந்தது. எகிப்தியப் பூசாரிகளில் சிலரேனும் அச்சுவர்களைப் படிக்க வல்லவராய் இருந்திருப்பர். கொற்றன் கீறிய தமிழ் எழுத்துகள் இருக்கும் அக்கல்லறைகளின் சுவர்களில், மேலும் கீழுமாக, வினைதோறும் வாலில் ஒட்டிக்கொண்டு அந்தக் கொம்புப்பாம்புகள் இன்றும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன.